முதல் குவளை

பிப்ரவரி 9

ஹாரன் அவர்களுக்கு,

வணக்கம். இப்படிக் கூப்பிடுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் தம்பி உங்களைப் பற்றி வேறு எப்படியும் எழுதியதில்லை. "எங்க தண்ணி லாரி டிரைவருக்கு ஹாரன்னுதான் பேரு, ஆளே இல்லாத ரோட்டுலயும் அடிச்சிக்கிட்டே போவான்" என்று போர் முகாமிலிருந்து வந்த முதல் கடிதத்திலேயே இருக்கிறது. முன்னாள் படைவீரர் சங்க அலுவலகத்தில் இதைச் சொன்னதும் எழுத்தர் சிரித்துவிட்டு உடனே உங்கள் விலாசத்தை எடுத்துக் கொடுத்தார்.

நான் யார் என்று இதற்குள் தெரிந்திருக்கும். தண்ணீர்ப் பிரிவில் உங்களோடு வேலை பார்த்து, அங்கேயே இறந்துபோனவனின் அக்கா. பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடம் கழித்து என்ன திடீரென்று என நினைப்பீர்கள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஒரு நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள். கடல் தாண்டிப் போய்ப் போரில் இறந்த ஊர்க்காரர்களின் பெயர்களை அதில் வெட்டுவார்களாம். அதற்கு ஒரு குழு. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். படையிலிருந்து வந்த தாளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார். "என்னம்மா இது, காய்ச்சல்னு போட்டிருக்கு? குண்டு பட்டுன்னுல்ல ஊரே சொல்லுது?" என்றார். பக்கத்தில் மருந்துக்கடைக்காரர், அவரும் குழுவில் ஒரு ஆள், "காய்ச்சல்ல போனவங்க பேரையெல்லாம் வெட்டணும்னா கல்லு பத்தாது, மலையைத்தான் கொண்டாரணும்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குண்டு என்று சொன்னது நான்தான். சேதி வந்த அன்று வாசலில் ஒரே கூட்டம். அம்மா உள்ளே மயங்கிக் கிடந்தாள். யாரோ என்னிடம், "குண்டா?" என்று கேட்டார்கள். காய்ச்சல் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு தூரம் போய்க் காய்ச்சலில் செத்தான் என்றால் அதை இங்கேயே செய்திருக்கலாமே என்று நினைத்துவிடுவார்களோ என்று பட்டது. தலையாட்டிவிட்டேன். நான் ஆட்டியது ஒரே ஒரு தடவை, மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. ஒரு குண்டு மூன்றானது. பிறகு, காயம்பட்ட யாரையோ தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதாகவும் சேர்ந்துகொண்டது. அம்மா போன வருடம் கண்ணை மூடும் வரைக்கும் மூன்று குண்டு என்றே நம்பியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இப்போது அவன் பெயர் கல்லில் வராவிட்டால் இரண்டு அவமானம். அவன் ஒன்றுமில்லாமல் போனவன் ஆவான், நான் புளுகுணி ஆவேன். இரண்டாவதைத் தாங்கிக்கொள்வேன். முதலாவது என்னால் முடியாது.

கூட இருந்தவர் யாராவது எழுத்தில் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்கிறார்கள். அதனால் கேட்கிறேன். அவன் குண்டடிபட்டு இறந்தான், நான் பார்த்தேன் என்று ஐந்து வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவீர்களா? பொய்தான். தெரிந்துதான் கேட்கிறேன். ஏப்ரல் பத்தாம் தேதி பட்டியலை முடிக்கிறார்கள்.

இஷ்டமில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்க எனக்கு நேரம் கிடையாது.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஹாரன் எழுதுகிறேன். உங்கள் கடிதம் நேற்று மதியம் வந்தது. உறையின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் மனைவியும் மகளும் சுகம். எனக்கு நாலு வருடமாகச் சர்க்கரை, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பார்க்கப்போனால் நம் இரண்டு பேர் பிழைப்பும் சீருடைப் பிள்ளைகளால்தான் நடக்கிறது.

அக்கா என்று எழுதியதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் மூச்சுக்கு மூச்சு "எங்கக்கா, எங்கக்கா" என்பான். "எங்கக்கா தச்ச பட்டன்டா, சட்டை கிழிஞ்சாலும் இது பிய்யாது" என்று எல்லோரிடமும் இழுத்துக் காட்டுவான். கேட்டுக் கேட்டு எனக்கும் நீங்கள் அக்காவாகிவிட்டீர்கள்.

கேட்டதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் ஐந்து வரி கேட்டீர்கள், எனக்கு நான்கு பக்கம் ஆகிவிட்டது. இரண்டு குண்டுதான் போட்டிருக்கிறேன். ஊரில் மூன்று என்று நிலைத்துவிட்டதென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மாற்றி எழுதி அனுப்புகிறேன். அவன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய ஆளாக என்னையே வைத்துவிட்டேன். எனக்குக் கணுக்காலுக்கு மேல் ஒரு பெரிய தழும்பு உண்டு. முகாம் சமையற்கட்டில் வெந்நீர் அண்டா சாய்ந்து வந்தது. யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால் அதைக் காட்டிவிடலாம்.

சங்கத்தின் முத்திரை வேண்டும் என்றால் அதையும் வாங்கி அனுப்புகிறேன். குழுவுக்கு முன்னால் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றாலும் விடுப்புப் போட்டுவிட்டு வருகிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்கிறேன். எதற்கும் கூச்சப்படாமல் கேளுங்கள் அக்கா. உங்களுக்கு நான் எவ்வளவு செய்தாலும் காணாது.

தங்கள்,
ஹாரன்


பிப்ரவரி 24

ஹாரன் அவர்களுக்கு,

கடிதமும் அதோடு வைத்திருந்த நான்கு பக்கமும் கிடைத்தன. உங்கள் மகளையும் மனைவியையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லுவார்கள். நாள் முழுக்க வேனில் உட்கார்ந்திருப்பவர் எங்கே நடக்கப்போகிறீர்கள்!

நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். மேலே பறக்கிற விமானம், புகை, அவன் உங்கள் மடியில் தலை வைத்து "ஹாரா, போயிட்டு வரேன்டா" என்று சொல்வது எல்லாமே ஜோர். ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது. என் தம்பி சாகிற நேரத்தில் இப்படி ஒரு வசனம் பேசுகிற ஆளே இல்லை. காலில் முள் குத்தினாலே ஊரைக் கூட்டுவான்.

அதைக் குழுவிடம் கொடுக்கத்தான் போனேன். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். என் கடைக்கு வருகிறவர் விலை கேட்காமல், துணியைத் தொட்டுப் பார்க்காமல், "எதுவானாலும் சரி, தைங்க" என்று சொன்னால் நான் உஷாராகிவிடுவேன். எங்கேயோ ஏதோ இருக்கும். முன்பின் பார்த்திராத ஒருத்திக்காகப் பொய்க் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் எந்த மனிதரும் கொஞ்சமாவது இழுப்பார். நீங்கள் முத்திரை, சத்தியம், தழும்பு வரைக்கும் போய்விட்டீர்கள். "எவ்வளவு செய்தாலும் காணாது" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நீங்கள் எதற்காகச் செய்ய வேண்டும்?

நான் உங்கள் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்பதே எனக்கு ஒழுங்காகத் தெரியாது. கடிதத்தில் "தண்ணி ஊத்திக் குடுக்கறேன்" என்றுதான் எழுதுவான். அதை வைத்து இங்கே தெருவில் கிண்டல்கூடச் செய்திருக்கிறார்கள்.

பொய்க் கடிதம் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அதைக் கொடுப்பதற்கு முன்னால் நிஜத்தை எனக்கு மட்டும் எழுதுங்கள். அவன் வேலை என்ன? எப்படி அந்தக் காய்ச்சல் வந்தது?

இப்படிக்கு,
அவனுடைய அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் திட்டியதும் சரி, சிரித்ததும் சரி. வசனம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மகள்தான் சுத்தமாக எழுதிக் கொடுத்தாள். பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குகிறவள், அவள் பங்குக்கு விமானத்தைச் சேர்த்துவிட்டாள்.

அவன் வேலையைக் கேட்டீர்கள். சொல்கிறேன். முகாமில் எண்ணூறு பேர். தண்ணீருக்கு ஆறுதான் கதி. காலையிலும் மாலையிலும் நானும் அவனும் லாரியைக் கொண்டுபோய் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவோம். மேலே ஏறி மருந்துப் பொடியைப் போட்டுக் கலக்குவது அவன் வேலை. பொடி போட்டால் அரை மணி நேரம் யாரும் வாய் வைக்கக் கூடாது. அதற்குள் கிருமி சாகாது. முன்னால் இருந்த ஆட்கள் முகாமுக்கு வந்துதான் பொடி போடுவார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் அரை மணி நேரம் அவர்கள் வம்சத்தையே திட்டுவார்கள். இவன்தான் யோசனை சொன்னான். "ஆத்தங்கரையிலேயே போட்டுடலாம்டா. மலையைச் சுத்திப் போய்ச் சேர முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகுது. வண்டி குலுங்குற குலுங்கலுல நல்லா கலந்தும் போயிடும்." அது முதல் நாங்கள் போய் நின்றதும் குழாயைத் திறந்துவிடலாம். கைக்கடிகாரம்கூடப் பார்க்க வேண்டியதில்லை. எங்களுக்குப் பாதைதான் கடிகாரம்.

இரண்டாவது வாரத்தில் ஒரு புரளி கிளம்பியது. எதிரி ஆற்றில் விஷம் கலந்துவிட்டான் என்று. அன்று லாரி போய் நிற்கிறது, ஒருத்தனும் கேனை நீட்டவில்லை. கொளுத்துகிற வெயில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, அப்படியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதிகாரி வந்து கத்திப் பார்த்தார், நடக்கவில்லை. இவன் லாரி படிமேல் ஏறி, எனாமல் குவளை நிறையப் பிடித்து, மடக் மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "செத்தா மொதல்ல நான்தான் சாவேன். பின்னாடி நிக்கறவன் பாத்து முடிவு பண்ணிக்கோ" என்றான். எண்ணூறு பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குடித்தார்கள்.

புரளி நாலே நாளில் செத்துவிட்டது. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அவன் குடிக்காமல் யாரும் கேனை நீட்டுவதில்லை. "முதல் குவளை! முதல் குவளை!" என்று தட்டிலும் கேனிலும் தாளம் போடுவார்கள். இது விதியில் இல்லை என்று அதிகாரி ஒருமுறை முணுமுணுத்தார், பிறகு அவரும் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். ஏழு மாதம், தினம் இரண்டு வேளை, இவன் குடித்த பிறகுதான் முகாம் குடித்தது. இதை வீட்டுக்கு எழுதவில்லை என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அவனாகவே பீற்றிக்கொள்ளாத விஷயம் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

மே மாதக் கடைசியில் காய்ச்சல் வந்தது. டைபாய்டு. அந்தப் பக்கம் அது சகஜம். கூடார ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தான். நான் போய்ப் போய்ப் பார்த்தேன். அவ்வளவுதான் அக்கா.

தங்கள்,
ஹாரன்


மார்ச் 12

ஹாரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் கடையை மூடிவிட்டேன். சீருடை வாங்க வந்தவர்கள் கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். எழுந்திருக்கவில்லை. என் தம்பியைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இன்னும் பாக்கி இருந்தது என்பது எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. செத்தவர்களைப் பற்றி ஒரு கட்டத்துக்கு மேல் புதிதாக எதுவும் வராது. சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருப்போம். எனக்குப் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒன்று வந்தது. நன்றி. குவளை பிடித்துக்கொண்டு லாரி படியில் நிற்கிற ஆளை என்னால் அப்படியே பார்க்க முடிகிறது. சின்ன வயதிலும் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் மாத்திரையைக்கூட மெல்லுவான்.

அழுது முடித்த பிறகு இன்னொரு தடவை படித்தேன். அப்போது ஒரு கேள்வி வந்தது. அது போக மாட்டேன் என்கிறது.

டைபாய்டு அங்கே சகஜம் என்கிறீர்கள். படையிலிருந்து வந்த தாளை எடுத்துப் பார்த்தேன். "முகாமில் வேறு எவருக்கும் இந்நோய் காணப்படவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. இத்தனை வருடமும் அதைச் சும்மா ஒரு வரியாகத்தான் படித்திருக்கிறேன். எண்ணூறு பேரும் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்தார்கள். ஒரே சமையற்கட்டில் சாப்பிட்டார்கள். முதல் குவளைக்கும் எண்ணூறாவது குவளைக்கும் என்ன வித்தியாசம்?

ஏன் அவனுக்கு மட்டும் வந்தது?

இப்படிக்கு,
அவனுடைய அக்கா


மார்ச் 27

ஹாரன் அவர்களுக்கு,

பதினைந்து நாளாகிறது. உடம்புக்கு முடியவில்லையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை கிடையாது. ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் குண்டுக் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன். அவன் பெயர் கல்லில் வந்துவிடும், உங்களையும் இனித் தொந்தரவு செய்ய மாட்டேன். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அவனுடைய அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று தெரியவில்லை. "யாருக்குங்க இப்படி எழுதறீங்க?" என்று மனைவி கேட்டுவிட்டாள். அவளுக்கும் இது தெரியாது. யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை மகளிடம் கொடுக்காமல் நானே எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் இருபதாம் தேதி. ஆற்றின் கிளை ஒன்றின் மேலே பொறியாளர் பிரிவினர் ஒரு தற்காலிகப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை அதைத் திறந்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் காவல் நின்றவன் எனக்குச் சொன்னான். மலையைச் சுற்ற வேண்டியதே இல்லை, நேரே முகாம் பின்வாசல். அப்போது உங்கள் தம்பி தொட்டிமேல் பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தான். இறங்கி வந்து என் பக்கத்தில் ஏறினான், வழக்கம்போலக் கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். முந்தின நாள் முழுக்க மோட்டார் பழுது பார்த்த அலுப்பு. நான் எழுப்பவில்லை. எழுப்பி என்ன சொல்ல, போய்ச் சேர்ந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். பாலத்தில் விட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் முகாம்.

ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே போனேன். "ஹாரன் இன்னிக்கு பறந்து வந்துட்டான்டா!" என்று கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவன் விழித்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினான். எல்லோரும் தாளம் போடுகிறார்கள். குவளையைப் பிடித்தான், குடித்தான். முழுக் குவளையும் குடித்தான். நான் கதவில் தொங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே கத்தினேன். "எவ்வளவு நேரம்னு சொல்லு பாப்போம்? பன்னெண்டே நிமிஷம்! பாலம் தொறந்துட்டாங்கடா!"

அவன் குவளைக்குள் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எனக்கு அப்போதும் புரியவில்லை அக்கா. அவன் குழாயை இறுக்கி மூடினான். "யாரும் கிட்ட வராதீங்க. இன்னும் அரை மணி ஆகட்டும்" என்றான். வரிசையில் ஒரே ரகளை. "நீ மட்டும் குடிச்சே!" என்று ஒருத்தன் கேனை வீசினான், அது இவன் தோளில் பட்டது. அவன் குழாய்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரம் அசையவில்லை. பிறகு திறந்துவிட்டான். எல்லோரும் குடித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காலித் தொட்டியோடு திரும்பும்போது, "பொடிக் கணக்கை மறந்துட்டேன்டா" என்றேன். "விடுடா, ஒரு குவளைதானே. இந்த வயிறு என்னத்தையெல்லாமோ பாத்திருக்கு" என்றான். பதினோராம் நாள் காய்ச்சல் வந்தது.

அந்தக் குவளையால்தான் என்று யாரும் சொல்லவில்லை. நான் எந்த மருத்துவரையும் கேட்கவும் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். அவன் யாரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கடைசி வாரம் நான் போயிருந்தபோது, நாக்கெல்லாம் வெடித்துக் கிடந்தான். மெதுவாகக் கேட்டான். "இப்ப மொதல்ல யாருடா குடிக்கிறா?" "யாரும் இல்லடா, நிறுத்திட்டாங்க" என்றேன். நான்தான் குடித்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. "நல்லது. பாலத்துல போனா நேரம் பாத்துக்கோ" என்றான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் தெளிவாக எதுவும் பேசவில்லை.

கேட்டதும் பொய் எழுதிக் கொடுத்தது இதனால்தான். கல்லில் குண்டு என்று வந்துவிட்டால் அவனைக் கொன்றது எதிரி என்று ஆகிவிடும்.

இந்தக் கடிதத்தைக் குழுவிடம் காட்டுவதானால் காட்டுங்கள். என்னை மறைக்க வேண்டாம். மன்னியுங்கள் என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். இருந்தாலும் கேட்கத்தான் கேட்கிறேன். மன்னிப்பீர்களா அக்கா?

ஹாரன்


ஏப்ரல் 13

ஹாரனுக்கு,

பத்தாம் தேதி குழு கூடியது. குண்டுக் கடிதத்தையும், நிஜத்தை எழுதிய இரண்டு கடிதங்களையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். மாடிப்படி ஏறும்வரை எதைக் கொடுப்பேன் என்று எனக்கே தெரியாது. முதலாவதைக் கொடுத்திருந்தால் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் எதையும் கையில் கொடுக்கவில்லை. நின்றுகொண்டு நானே படித்தேன். எண்ணூறு பேர், ஆறு, புரளி, லாரி படி, குவளை எல்லாவற்றையும் படித்தேன். குழாயில் முதுகைச் சாய்த்து அரை மணி நேரம் உட்கார்ந்ததைப் படித்தேன். பாலத்தைப் படிக்கவில்லை. "அன்னிக்கு வண்டி சீக்கிரம் வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னேன். உங்களைக் காப்பாற்றுவதற்காக என்று நினைக்காதீர்கள். அது என் வீட்டு விஷயம், அதில் குழுவுக்கு வேலையில்லை.

குண்டு என்று ஊரை நம்பவைத்தது நான் என்பதையும் சொல்லிவிட்டேன். "மூணு குண்டுமா பொய்?" என்று தலைமையாசிரியர் கேட்டார். மூன்றும் என்றேன். அவருக்குத்தான் என்னைவிட அதிகமாக வருத்தம். பள்ளியில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காய்ச்சல் காய்ச்சல்தானேம்மா" என்றார். சந்தையில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் குழுவில் உண்டு, அதே போருக்கு வேறு முகாமில் போய்வந்தவர். எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்க மாட்டாராம். அவர் எழுந்தார். "எங்க முகாம்ல குண்டு பட்டு செத்தது ஒம்பது பேரு. கெட்ட தண்ணி குடிச்சு, வயித்தால போயி செத்தது முப்பத்தோரு பேரு. எங்களுக்கு மொதல்ல குடிச்சுப் பாக்க ஆளில்ல. அவன் பேரு இல்லாத கல்லுல எவன் பேரும் இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் காய்ச்சல் பேச்சை எடுக்கவில்லை.

அவன் பெயர் வருகிறது. பெயருக்குக் கீழே எப்படி இறந்தார் என்றும் வெட்டுகிறார்கள். "பணியின்போது" என்று பொதுவாகப் போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். காய்ச்சல் என்றே வெட்டுங்கள் என்றேன். விஷயம் வெளியே பரவி, மறுநாளே இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஒரு வீட்டில் கப்பல் மூழ்கியது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், நிஜத்தில் மலேரியாவாம். இதற்குள் ஏழு பெயர் சேர்ந்துவிட்டது. வாங்கிய கல் போதாதென்று பெரிதாக ஒன்று பார்க்கிறார்கள்.

இனி நம் விஷயம். மன்னிப்பீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சரி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியவில்லை. புதுப் பாலம் திறந்தால் யாராக இருந்தாலும் அதில்தான் வண்டியை விடுவார்கள். அவனே ஓட்டியிருந்தாலும் விட்டிருப்பான். எனக்கு நன்றாகப் புரிகிறது. புரிந்த பிறகும் மெஷினில் உட்கார்ந்து காலை வைத்தால், எழுப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் மனசு ஓடுகிறது. நீங்களும் பத்தொன்பது வருடமாக அதையே நினைத்திருப்பீர்கள். ஒரே நினைப்பை இரண்டு பேர் தபாலில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பதில் யாருக்கும் நிம்மதி வராது. இது என் கடைசிக் கடிதம். பதில் எழுத வேண்டாம், வந்தாலும் நான் பிரிக்க மாட்டேன். குண்டுக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அவனுக்காக எல்லோர் முன்னாலும் பொய்ச் சத்தியம் செய்யத் துணிந்தீர்கள், பிறகு எனக்காக நிஜத்தையும் எழுதினீர்கள். இரண்டாவதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கல்லை மே ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்கள். அன்று நீங்கள் வரக் கூடாது. வந்தால் கூட இருந்தவர் என்று மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்துவிடுவார்கள். உங்களால் தாங்க முடியாது, எனக்கும் பார்க்கத் தெம்பில்லை.

மறுநாள் வாருங்கள். திங்கட்கிழமை அந்தப் பக்கம் கூட்டம் இருக்காது. பேருந்து நிலையத்தில் இறங்கி நேரே நடந்தால் நகராட்சி அலுவலகம், யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மேலிருந்து ஐந்தாவது பெயர். நான் அன்று கடை திறக்கவில்லை. துணி எடுக்க வெளியூர் போகிறேன், இருட்டிய பிறகுதான் திரும்புவேன். என் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம் இல்லாமல், எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அவனோடு இருந்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா